கடைசி மடக்கு

திருவனந்தபுரம்
14.8.1994

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு ராகேல் தோத்திரம் சொல்லி எழுதுவது.

எழுதும்படியான விசேஷம் எதுவும் இல்லாமலே எழுதுகிறேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இதுவரை கடிதமெல்லாம் அம்மா பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டுவது நீங்கள்தான் என்றாலும், உங்கள் பேரை மேலே எழுதி உங்களோடு பேசுவது இதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்தபோதும் நாம் அதிகம் பேசியதில்லை. அதனால் இந்த வரிக்கே வெகுநேரம் ஆகிவிட்டது.

நான் சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? குளிருக்கு முன்னால் எண்ணெய் வாங்கி அனுப்புகிறேன்.

ஆபீஸ் வேலை பிடித்திருக்கிறது. தற்காலிகம்தான், ஆனாலும் மேஜை என்னுடையது. எங்கள் பிரிவுக்குத் தலைமை சுப்புலக்ஷ்மி மாமி. ஸ்ரீவராகத்தில் அக்ரஹாரத்து வீடு. முதல் நாள் பேரைக் கேட்டார், சொன்னேன். "நன்னா இருக்கே. காதுல விழற மாதிரி இன்னொரு தரம் சொல்லேன்" என்றார். மூன்றாம் தரம்தான் விழுந்தது.

ஞாயிறு மாலை தமிழ் ஆராதனைக்குப் போகிறேன். கதவுக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சு எனக்கு வசதி. போதகர் வேதபாடம் வாசிக்கச் சொன்னார். தொண்டை சரியில்லை என்றேன். இன்று திருவிருந்து. இங்கேயும் திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில்தான். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நம் எஸ்டேட் கோயிலில் மூப்பரான நீங்கள் பாத்திரம் பிடித்துக்கொண்டு வருவீர்கள். கங்காணி மாசிலாமணி மாமா வெள்ளைத் துணியோடு பக்கத்தில் நடந்து, ஒவ்வொருவர் குடித்ததும் விளிம்பைத் துடைப்பார். எல்லாரும் குடித்த பிறகு மிச்சத்தை நீங்கள் குடிப்பீர்கள். சின்ன வயதில் உங்களுக்குத் தாகம் என்று நினைத்திருந்தேன்.

ஷிஜு அண்ணன் கடிதம் போட்டானா? சித்தப்பா போன பிறகு நம் வீட்டிலேயே வளர்ந்தவன், இன்று சூரத் மில்லில் யார் கையால் சாப்பிடுகிறானோ. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

அன்பு மகள்
ராகேல்


போனக்காடு
28.8.94

அன்பு மகள் ராகேலுக்கு அப்பா ராஜையன் எழுதுவது. இங்கு தேவ கிருபையால் சுகம். அங்கு நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

கடிதம் கிடைத்தது. விசேஷம் இல்லாமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். மக்களே, விசேஷம் உள்ள கடிதம் வந்தால்தான் எங்களுக்குப் பயம்.

காலையில் ஆள்பேர் பதிந்து மஸ்டர் போடுகிற இடத்தில் கணக்கப்பிள்ளை கேட்டார், "ராஜையா, மகளுக்கு எவிடெ ஜோலி?" என்று. "செக்ரட்டேரியட் பக்கத்துல" என்றேன். பக்கத்துல என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

ஷிஜு எழுதியிருந்தான். சப்பாத்தி தின்று தாடை வலிக்கிறதாம். மற்றபடி சுகம்.

வேதபாடம் வாசிக்கச் சொன்னால் வாசி. இந்த லயத்து வரிசை வீடுகளில் முதலில் பட்டம் வாங்கிய தொண்டை அது. அதற்கு ஒரு கேடும் இல்லை.

தாகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். சில ஞாயிறுகளில் தாகமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

அப்பா


திருவனந்தபுரம்
27.9.94

அன்புள்ள அப்பாவுக்கு ராகேல் வணக்கத்துடன் எழுதுவது. எனக்குச் சுகம்தான். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். சூரத்தில் பிளேக் என்கிறார்கள். ஜனங்கள் ரயில் கிடைத்த திசையில் ஓடுகிறார்களாம். இங்கே நோய் ஒன்றும் வரவில்லை, பயம் மட்டும் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. மருந்துக் கடைகளில் கேப்சூல் தீர்ந்துபோயிற்று. ஆபீஸில் பாதிப் பேர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கோப்பு பார்க்கிறார்கள். வடக்கேயிருந்து வரும் ரயில் என்றால் தம்பானூர் ஸ்டேஷனில் போர்ட்டர்கள்கூட ஒதுங்கி நிற்கிறார்களாம்.

ஷிஜு அண்ணனைப் பற்றித் தகவல் உண்டா? ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. காலேஜில் படித்த பாடம்தான் வருகிறது. எலி, தெள்ளுப்பூச்சி, காய்ச்சல், இருமல். படித்ததே பயத்துக்கு உதவுகிறது.

அவன் பேரைச் சொல்லிக் கோயிலில் ஜெபிக்கச் சொல்லுங்கள். உடனே எழுதுங்கள்.

ராகேல்


போனக்காடு
4.10.94

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லாருக்கும் சரீர சுகம் உண்டு. மன சுகம் இல்லை.

ஷிஜுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வித்துராவிலிருந்து வரும் பஸ்ஸை உன் அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத முறைக்குப் போதகர் வேதமாணிக்கம் வந்திருந்தார். திருவிருந்துக்கு முன்னால் ஷிஜுவின் பேரைச் சொல்லி ஜெபித்தார். கோயில் முழுவதும் ஆமென் சொன்னது. மாசிலாமணிதான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னான்.

உனக்கு ஜெபம் வராவிட்டால் சும்மா முழங்காலிலேயே இரு. எனக்கும் அப்படித்தான் போகிறது.

அப்பா


திருவனந்தபுரம்
16.10.94

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ராகேலின் தோத்திரம். இனி இருவரும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஷிஜு அண்ணன் வந்து நேராக என்னைத் தேடி விடுதிக்கு வந்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தாடி மட்டும் இருந்தது. மலைக்கு ஏறும் முன் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அவனே சொன்னான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தனி வார்டில் வைத்து ரத்தம் பார்த்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். நோய் இல்லை. அது தெரியும்வரை உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. இருக்க வேண்டிய நாளெல்லாம் இருந்து, மருந்தையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். நேற்று வித்துரா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவன் உங்களிடம் இருப்பான். அவனால் இனி யாருக்கும் ஒன்றும் வராது. கேட்பவர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

பெரிய விசேஷம் வேறு இல்லை. இனிமேல் கடிதத்தை ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புங்கள். விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

அம்மாவின் முட்டுக்கு எண்ணெய் அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்
ராகேல்


போனக்காடு
30.10.94

அன்பு மகள் ராகேலுக்கு அப்பா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு எழுது.

ஷிஜு வந்து சேர்ந்தான். மழை பலம். தேயிலைக் கொழுந்து நல்ல கொழுந்து, ஆனால் பறிக்க விடாமல் அட்டை கடிக்கிறது. மூன்றாம் லயத்தில் தகரம் பறந்துபோனது. எண்ணெய் நல்ல எண்ணெய் என்று அம்மா சொல்கிறாள்.

நவம்பர் முதல் ஞாயிறு திருவிருந்து இல்லை. பாதை சரியில்லை என்று போதகருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.

ஒரு விடுதிக்கு வெள்ளையடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

அப்பா


ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
8.11.94

அன்புள்ள அப்பாவுக்கு ராகேல் எழுதுவது. நான் நல்ல சுகம். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு வைக்க மறக்க வேண்டாம்.

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையடித்து முடியும்வரை மாமி வீட்டு மாடியில் ஒரு அறை தந்திருக்கிறார். "சும்மா பூட்டிக் கெடக்கறது, வந்து இரு" என்றார். மாமியின் கணவர் வெங்கடசுப்ரமணியன் மாமா முதல் வாரம் என்னைப் பத்திரிகைக்கு மேலே கண்ணை மட்டும் விட்டுப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு இருமல் கிருமல் உண்டோ?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. "உங்களுக்குத்தான் உண்டு. போய் மாத்திரையைப் போட்டுண்டு படுங்கோ" என்றார் மாமி.

இந்த வீட்டில் தம்ளரை யாரும் உதட்டில் வைப்பதில்லை. புருஷன் பெண்டாட்டிகூட அண்ணாந்துதான் குடிக்கிறார்கள். நானும் முயன்று பார்த்தேன். காபி முழுவதும் கழுத்துக்குள் போயிற்று. மாமி சிரித்து முடித்த பிறகு, எங்கள் கோயிலில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம் என்று சொன்னேன்.

"எல்லாருமா?"

"ஆமா மாமி."

"வாய் வெச்சா?"

"வாய் வெச்சுத்தான்."

மாமி கொஞ்சநேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நேக்கு அந்தத் தைரியம் வராதுடியம்மா" என்றார். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. உங்களைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் குடிப்பவர் எங்கள் அப்பா என்றேன்.

அப்பா, ஷிஜு அண்ணனைப் பற்றி இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். அட்டைக்கும் தகரத்துக்கும் அதைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறீர்கள். பாதை சரியில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் போதகர் ஜீப்பை வழியில் விட்டு, அங்கியைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்தவர் அல்லவா? அண்ணன் எங்கே தூங்குகிறான்? எங்கே சாப்பிடுகிறான்? இதை மட்டும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

ராகேல்


போனக்காடு
15.11.94

அருமைத் தங்கச்சி ராகேலுக்கு ஷிஜு அண்ணன் எழுதுவது. நான் சுகம். பெரியப்பா பெரியம்மா சுகம். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பா நாலு நாளாக நடக்கிறார், பதில் எழுதவில்லை. அதனால் அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

நான் வீட்டில் இல்லை. எஸ்டேட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய கொட்டகை மூடிக் கிடக்கிறதல்லவா, அதில் இருக்கிறேன். நான் பிள்ளையாக இருந்தபோது அங்கேதான் எனக்குத் தொட்டில் கட்டினதாம். கொக்கி இன்னும் இருக்கிறது. சட்டை தொங்கவிடுகிறேன். பெரியம்மா மூன்று நேரமும் சோறு கொண்டுவந்து என் முன்னாலேயே இருந்து, என் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்துத் தின்றுவிட்டுப் போகிறாள். மற்றவர்கள் தூரத்திலிருந்து சுகம் கேட்பார்கள். குழாயில் நான் குடிக்க வெள்ளம் பிடித்தால் அன்றைக்கு வேறு ஆள் அந்தக் குழாய்க்கு வருவதில்லை. அதனால் ஓடைக்குப் போகிறேன். டாக்டர் சொன்னதை எல்லாரிடமும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள்.

பாதைக்கு ஒன்றும் இல்லை. நான் திருவிருந்துக்கு வந்துவிடுவேன் என்று பயந்து மூப்பர்கள் கூடிப் பேசி நிறுத்தினது. பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் என்னிடம் வந்து, "அது என்னடே வெள்ளையடிக்கிற கதை?" என்று கேட்டார். நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன், என்னைத் திட்டி வழக்கு பேசாதே. விடுதி வாசலில் நான் வெளியே நின்றது, நீ தம்ளரில் வெள்ளம் கொண்டுவந்து தந்தது, வார்டன் ஓடிவந்து "ஆ கிளாஸ் ஓடயில் எறி" என்று சாக்கடையைக் காட்டிக் கத்தினது எல்லாம் சொன்னேன். நீ முற்றத்துக் குழாயில் அதைக் கழுவி, நிறைய வெள்ளம் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் நின்று குடித்ததையும் சொன்னேன். பாதி வெள்ளம் சுடிதாரில் கொட்டினதையும் விடவில்லை. ஒன்றில் கிளாஸ் போகணும், இல்லேல் இந்தக் குட்டி போகணும் என்று அவள் சொன்னதும், நீ கிளாஸையும் எடுத்துக்கொண்டு பெட்டி கட்டப் போனாய். அதையும் சொன்னேன்.

முந்தாநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியப்பா வாசலில் நின்று, "டிசம்பர்ல திருவிருந்து உண்டு. ஷிஜுவும் வருவான்" என்றார். நான் மரத்தடியில் நின்று கேட்டேன்.

மாசிலாமணி மாமா சொன்னார், "ராஜையா, நான் கல்மனசுக்காரன் இல்ல, பிள்ளைகுட்டிக்காரன். அவன் வரட்டும். எல்லாரும் குடிச்சப் பொறவு கடைசில குடிக்கட்டும்."

"கடைசி இடம் என்னுதாக்கும்."

"அப்பொ அவன் எச்சில நீரு குடிப்பீராக்கும்?"

"இத்தன வருசமா உம்ம எச்சிலக் குடிச்சிருக்கேன். ஒண்ணும் ஆகல்ல."

ராகேலு, சிரிக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு சிரித்தேன். ஆனால் எனக்குப் பேடியும் பயமும் உண்டு. மூப்பர் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. நீ என்ன சொல்லுகிறாய்?

உன் அண்ணன்
ஷிஜு


ஸ்ரீவராகம்
21.11.94

அப்பாவுக்கு ராகேல் தோத்திரத்துடன் எழுதுவது. அண்ணன் எழுதியிருந்தான். அவனைத் திட்ட வேண்டாம்.

நான் உங்களிடம் மறைத்தேன், நீங்கள் என்னிடம் மறைத்தீர்கள். கணக்குத் தீர்ந்தது. விடுதிக்கு வெள்ளையடிக்கவில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அறையிலிருந்து பார்த்தால் தெருவில் கோலம் போடுவது தெரியும்.

அன்று நான் செய்தது விசுவாசம் என்று அண்ணன் நினைக்கிறான். நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நல்ல பயம் இருந்தது. தம்ளரைக் கழுவும்போதும் இருந்தது, வெள்ளம் பிடிக்கும்போதும் இருந்தது. முதலில் பயம் போகும், அப்புறம் மனிதர்கள் தைரியமான காரியங்களைச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உதட்டில் வைத்துக் குடித்து முடிந்த பிறகுதான் பயம் இறங்கினது. அதுவரைக்கும் தேவன் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்த ஒரு விஷயம். அந்த நிமிஷத்தில்தான் அவர்மேல் சாய்ந்து நின்றேன்.

ஆனாலும் அப்பா, நான் இங்கே தெரியாத ஊரில் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனேன், அவ்வளவுதான். நீங்கள் அந்த லயத்திலேயே இருக்க வேண்டியவர்கள். அம்மாவுக்கும் சேர்த்து யோசியுங்கள். என்னை நினைத்து எதையும் செய்ய வேண்டாம். உங்களுக்காகவும் மாசிலாமணி மாமாவுக்காகவும் ஜெபிக்கிறேன். ஜெபம் இப்போது வருகிறது.

அன்பு மகள்
ராகேல்


போனக்காடு
5.12.94

என் அன்பு மகள் ராகேலுக்கு அப்பா ராஜையன் எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம், நீயும் சுகமாயிரு. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

முதலில் ஒன்று. பாதை சரியில்லை என்று எழுதினது பொய். பாதை நன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். பிளேக்குக்குப் பயந்து இல்லை, கூட இருக்கிறவர்களுக்குப் பயந்து. வெள்ளையடிக்கிற கதையைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரைச் சொல்லவே கூச்சப்படுகிற பிள்ளை ஊர் நடுவில் நின்று குடித்திருக்கிறாள், அவள் அப்பன் பாத்திரத்தை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. மாசிலாமணியின் பெண்சாதி பாத்திரத்தை விளக்கித் தருகிறேன் என்று வாங்கிப்போனாள். வேப்பிலை, மஞ்சள், புளி எல்லாம் போட்டு அண்டாவில் வேகவைத்துவிட்டாள், நோய் போகட்டும் என்று. எடுத்துப் பார்த்தால் விளிம்பில் வெள்ளி உரிந்து உள்ளே பித்தளை. பழைய துரை கொடுத்த சுத்த வெள்ளி என்று நாங்கள் பக்கத்து எஸ்டேட்டுக்கெல்லாம் பீற்றிக்கொண்ட பாத்திரம். அழுதுகொண்டு வந்தாள். "பாத்திரத்துக்குப் பயம் போயாச்சு, இனி நமக்குப் போவணும்" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நம் கோயிலில் பீடத்தை மறிக்கிற கிராதிக்கு முன்னால் யார் முதலில் முழங்கால் போடுவது என்று உனக்குத் தெரியும். வலது ஓரம் கங்காணி குடும்பம், அப்புறம் கணக்கு பார்க்கிறவர்கள், அப்புறம்தான் மற்ற லயம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மாற்றினதில்லை. போதகர் வேதமாணிக்கத்திடம் சொன்னேன், இனி கோயிலுக்குள் வந்த வரிசையில் வரட்டும் என்று. அவர் என்னைப் பார்த்தார். "அது நல்ல வரிசைதான்" என்றார். ஷிஜுவிடம் மணியடிக்கிற வேலையைக் கொடுத்தேன். மணியடிக்கிறவன்தானே முதலில் உள்ளே வருவான்.

அவன் முதலில் வந்து வலது ஓரத்தில் முழங்கால் போட்டான். அவனுக்கு அடுத்தது உன் அம்மா. முட்டுவலியோடு இறங்கினபோது எண்ணெய் வாசனை பீடம்வரைக்கும் வந்தது. அதன் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

மாசிலாமணி என் பக்கத்தில்தான் துணியோடு நின்றான். போதகர் அப்பம் கொடுத்தார். நான் ஷிஜுவுக்குப் பாத்திரத்தைக் கொடுத்தேன். குடித்தான். துடைப்பதற்குத் துணியை எதிர்பார்த்துத் திரும்பினேன். மாசிலாமணி துணியை மடித்து மேஜைமேல் வைத்தான். "ராஜையா, என்னால முடியல்ல" என்று என் காதுக்கு மட்டும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. நடந்து வெளியே போனான். அவனோடு பாதிக் கோயிலும் எழுந்து போனது.

ஒரு கையில் பாத்திரம், மறு கையில் துணி. துடைக்கத் தெரியவில்லை, நானும் உன்னைப்போல் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். உன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "மெதுவா, அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். அவள் குடித்தாள். அப்புறம் பக்கத்து லயத்து லிபியின் தாய் கைக்குழந்தையோடு வந்து முழங்கால் போட்டாள். போட்டுக்கொண்டு பின்னால் திரும்பி, "தரை குளிருது. வாறவங்க சட்டுன்னு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு சிலர் வந்தார்கள். சிலர்தான்.

இத்தனை வருஷமும் கடைசியில் எனக்கு ஒரு மடக்குதான் மிஞ்சும். நேற்று பாத்திரம் கனமாகத் திரும்பி வந்தது. ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது. எல்லாவற்றையும் நானே குடித்தேன். வராதவர்களின் பங்கும் அதில் இருந்தது. ஒவ்வொருவர் பேரையும் மனதில் சொல்லித்தான் குடித்தேன், மாசிலாமணி பேரையும். முடித்தபோது அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை மக்களே. கறை பட்ட சட்டையோடு நிமிர்ந்து நின்றேன்.

இன்று காலை ஷிஜு குழாயடியில் நின்றான். யாரும் விலகவில்லை. பேசவும் இல்லை. மாசிலாமணியின் பெண்சாதி தன் குடம் நிறைந்ததும் குழாயை மூடாமல் அவன் பக்கம் திருப்பிவிட்டுப் போனாளாம். நேற்று இரவே அவன் நம் வீட்டுக்கு வந்துவிட்டான். மூப்பர் வேலையைப் பற்றி ஒருவரும் இன்னும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை. போதகர் வருவார், திருவிருந்து உண்டு. துணியை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். பிடிக்க ஆள் இல்லை. நான் ஒரு கையால் சமாளித்துக்கொள்வேன்.

லீவு கிடைத்தால் வா.

அப்பா


ஸ்ரீவராகம்
14.12.94

என் அப்பாவுக்கு ராகேல் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். லீவு கிடைத்தது. இருபத்துமூன்றாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் எனக்காக எதுவும் இடித்துப் பொடித்துக் கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை முதலில் தனியாக வாசித்தேன். பிறகு மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பாத்திரம் கனமாகத் திரும்பி வந்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன், மாமிதான் வாங்கி மீதியை வாசித்தார். மாமாவும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "இவ தோப்பனார் என்ன படிச்சிருக்கார்?" என்றார். அஞ்சாம் வகுப்பு என்றேன். மாமா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மாமி உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார். "இன்னிக்கு ஒரு நாள் வாய் வெச்சே குடி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றார். உண்மையாகவே திரும்பிக்கொண்டார். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய் வேதபாடம் வாசித்தேன். நடு பெஞ்சு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வாசித்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் ஒரு அம்மா யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். போனக்காட்டு ராஜையன் மகள் என்றேன். ஒரே தரம்தான் சொன்னேன், கேட்டுவிட்டது.

ஷிஜு அண்ணனுக்கு ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒன்று, வெள்ளைதான். கறை பட்டதை எறிந்துவிட வேண்டாம். எனக்கு அதைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் முத்தம். மாசிலாமணி மாமாவையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், மறக்காமல் சொல்லுங்கள்.

அப்பா, ஒன்று மீதி இருக்கிறது. இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். முதல் வரியில் எழுத வேண்டியதைக் கூச்சத்தில் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நம் கோயிலில் பெண்பிள்ளை கிராதிக்கு உள்ளே நின்ற வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். யார் முதலில் என்ற வழக்கத்தை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் கேட்டிருக்கவும் மாட்டேன். போதகரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று அந்தத் துணியை என் கையில் கொடுங்கள். நீங்கள் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டே வருகிறேன். மாசிலாமணி மாமா மனம் மாறி வந்து துணியைக் கேட்டால் அந்த நிமிஷமே கொடுத்துவிட்டு இறங்கிப்போய் முழங்கால் போடுவேன். வராவிட்டால், எல்லாரும் குடித்த பிறகு, கடைசியில் மிஞ்சுவதில் எனக்கும் ஒரு மடக்கு வையுங்கள்.

உங்கள் மகள்
ராகேல்